ஏழாம் அறை பேசவில்லை

அத்தியாயம் 11

காலை ஒன்பதே காலுக்குக் குளிர்கிடங்கின் ஏழாம் கதவுக்கு முன்னால் நின்றபோது, ஆப்பிள் வாசனையை வெறுக்க முடியும் என்று செவெரினுக்குத் தெரிந்தது.

பதினோரு நாள் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, ஓலேஸ்யா இந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். உக்ரைனிலிருந்து ஆப்பிள் தரம் பிரிக்க வந்தவள். முப்பத்துநாலு வயது. ஊரில் பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். ஆப்பிள் ஜூன் மாதம் வரை கெடாமல் இருக்க அறைக்குள் இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சி வெளியே எடுத்துவிடுவார்கள். நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்தக் காற்றுக்கு நாற்றம் இல்லை, அது நெஞ்சை அடைக்காது, இருமல்கூட வராது. இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் கீழே.

செவெரின் பத்தொன்பது வருடம் தீயணைப்பு வண்டி ஓட்டியவன். இப்படிச் செத்தவர்களைக் கையால் தூக்கியிருக்கிறான். அவர்கள் முகத்தில் பயமே இருக்காது, அதுதான் அவனுக்கு ஆத்திரமாக வரும். சாகிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமையைக்கூடப் பிடுங்கிக்கொள்ளும் சாவு அது.

கதவில் இப்போது கனமான சங்கிலியும் கைப்பூட்டும் தொங்கின. பத்துக் கதவிலும் அப்படித்தான். கிடங்கின் மேஸ்திரி ரூத்கா போட்டது. ஏழாம் அறையைத் திறந்து காலி செய்துவிட்டார்கள். ஒன்பதாம் அறை முன்பே காலி. மற்ற எட்டில் ஆப்பிளும் அந்தச் சாவுக் காற்றும் அப்படியே இருந்தன.

"கம்ப்யூட்டர் பூட்டற பூட்டு எங்க?" என்று கேட்டாள் யத்விகா. புரோகிராம்களில் தப்பு தேடும் தனியார் ஆய்வாளர் அவள், செவெரின் இப்போது அவளுக்கு உதவியாள்.

ரூத்கா கதவின் மேல் விளிம்பைக் காட்டினார். காந்தப் பூட்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டுப்பாட்டுப் பெட்டி 'பூட்டு' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லாவிட்டால் தானாக விட்டுவிடும். உள்ளே யாரும் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று அப்படி ஏற்பாடு.

"பூட்டியிருக்குன்னு காட்டற சிவப்பு விளக்கு எரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் உள்ள போனா?"

ரூத்கா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இந்த ஈரத்தில் பாதி விளக்கு எப்போதும் சிவப்பாகத்தான் எரியும், அதை யாரும் பார்ப்பதில்லை என்றார். கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார்கள். திறக்காவிட்டால் போகக் கூடாது, திறந்தால் காற்று இருக்கிறது. முந்தின நாள் திங்கட்கிழமைகூட சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்து, புதிதாக வந்த பதினாலு பேருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். காலியாக இருந்த ஒன்பதாம் அறையில் நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு பொன்ச்கியும், அதாவது உள்ளே ஜாம் வைத்துப் பொரித்த இனிப்பு பன்னும், காப்பியும் கொடுத்து.

"பொன்ச்கிக்குள்ள என்ன ஜாம்?" என்றான் செவெரின்.

"ரோஜா."

"நல்ல கம்பெனிதான்" என்றான் அவன். ஆனால் அவனுக்கே அந்த நகைச்சுவை பிடிக்கவில்லை.

வழக்கு சின்னதுதான், அதனால்தான் கொடுமையாக இருந்தது. பூட்டும் புரோகிராமை எழுதியவள் கிங்கா, இருபத்தேழு வயது. அரசுத் தரப்பு நிபுணர் அதைப் படித்துவிட்டு, 'பூட்டு என்ற கட்டளையை இவர் எங்கும் எழுதவே இல்லை, இல்லாத கட்டளையை அழைத்திருக்கிறார், கவனக்குறைவு' என்று நாலு பக்க அறிக்கை கொடுத்திருந்தார். இன்று மதியம் இரண்டு மணிக்கு அரசு வக்கீல் அலுவலகத்தில் கிங்கா குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடப் போகிறாள். யாரும் மிரட்டவில்லை. பூட்ட வேண்டியது தன் புரோகிராம், அது பூட்டவில்லை, அப்படியென்றால் கொன்றது தான்தானே என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள். ஐந்து வருடம் உள்ளே இருக்க வேண்டிவரும் என்று வக்கீல் சொன்னபோது, அது போதுமா என்று கேட்டாளாம்.

யத்விகாவை வரவழைத்தவர் கிங்காவின் மேலதிகாரி செசாரி. கண்ணெல்லாம் சிவந்து போய் வந்து நின்றார் அந்த மனிதர். எங்கள் ஃபைல்கள் முழுவதையும் தருகிறேன், ஒரு எழுத்து விடாமல் பாருங்கள், இது யார் தப்பும் இல்லை என்று நிரூபித்து அந்தப் பெண்ணைக் காப்பாற்றுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாளாக யத்விகா பார்த்துவிட்டாள். ஃபைல்கள் சுத்தம். மார்ச் மாதத்துக்குப் பிறகு யாரும் எதையும் தொடவில்லை.

இன்னொரு கெடுவும் இருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டியை அணைத்துத் திரும்பப் போட அரசு வக்கீல் அனுமதி கொடுத்திருந்தார். ஆப்பிள் அழுகிவிடும் என்பதால் அதை இத்தனை நாளும் அணைக்காமல் சீல் மட்டும் வைத்து, பக்கத்தில் ஒரு போலீஸ்காரரை உட்கார வைத்திருந்தார்கள்.

காருக்குத் திரும்பினார்கள். பனி இன்னும் கண்ணாடியை விட்டு இறங்கவில்லை. செவெரின் ரொட்டியில் பன்றிக் கொழுப்பைத் தடவி, மேலே ஊறுகாய் வெள்ளரியை வைத்து அவளுக்கு ஒன்று நீட்டினான். அவள் வாங்காமல், மடியில் இருந்த அச்சிட்ட தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க மேடம்" என்றான். "இல்லாத கட்டளைய அந்தப் பொண்ணு எதுக்கு எழுதினா?"

"எழுதலாம். அந்த மொழியில அதுதான் வசதி."

யத்விகா தாளின் பின்பக்கத்தில் நாலு வரி கிறுக்கிக் காட்டினாள்.

அறை 7 {
  குளிர் 1
  காற்றை எடு
  பூட்டு
}

விவசாயிகூடப் படித்துப் புரிந்துகொள்ளலாம், அதுதான் கிங்காவின் திறமை என்றாள். இந்த வளைவுக் குறிகளுக்குள் இருப்பதுதான் குளோஷர். வேலைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு மூட்டை. மூட்டைக்குக் குளிர் என்றால் என்ன, பூட்டு என்றால் என்ன என்று எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஓடுகிற நேரத்தில் அதற்கு ஒரு பொறுப்பாளியைக் காட்டிவிடுவார்கள். 'உனக்குத் தெரியாத வார்த்தை எது வந்தாலும் ஏழாம் அறையிடம் கேள்.' ஏழாம் அறைக்குப் பூட்டத் தெரியும். அதே மூட்டையை எட்டாம் அறையிடம் கொடுத்தால் எட்டு பூட்டும். இப்படி வார்த்தைகளைப் பொறுப்பாளியிடம் ஒப்படைத்து ஒப்படைத்தே ஒரு கிடங்கு முழுவதையும் கட்டி எழுப்பலாம். பில்டர் என்று சொல்வது அதைத்தான்.

"அப்ப அந்த நிபுணர்?"

"பழைய மொழிக்காரர். வேலை செய்யறவன் பேரு வாசல் பலகையில இல்லேன்னா, வீட்டுல ஆளே இல்லேன்னு எழுதிட்டுப் போறவர்."

செவெரின் வெள்ளரியைக் கடித்தான். "சரி, பொறுப்பாளி இருக்கான். அப்புறம் ஏன் பூட்டல?"

யத்விகா தாள்களில் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பெட்டி எழுதி வைத்திருந்த நாட்குறிப்பு அது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே வாக்கியம், பக்கம் பக்கமாக. இரண்டு நாளாக இருவரும் அதைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருந்தார்கள்.

"இந்தப் பக்கத்தைப் படி" என்றாள்.

செவெரின் படித்தான். அறை 6 பூட்டப்பட்டது. அறை 7 பூட்டப்பட்டது. அறை 8 பூட்டப்பட்டது.

"இப்ப இது. அவ செத்த அன்னிக்கு."

பூட்டப்பட்டது. பூட்டப்பட்டது. பூட்டப்பட்டது.

செவெரின் மெல்லுவதை நிறுத்தினான்.

"நம்பர் எங்க போச்சு?"

"அதான் கேள்வி. தன் நம்பர் அறைக்குத் தெரியும். உண்மையா பூட்டினா நம்பரோடதான் எழுதும். இங்க நம்பர் தெரியாத யாரோ பதில் சொல்லியிருக்காங்க. ஏழாம் அறை பேசவே இல்ல, செவெரின். அதுகிட்ட யாரும் கேட்கவே இல்ல."

எந்த நிமிடத்திலிருந்து என்று விரலை ஓட்டிக்கொண்டே போனாள். திங்கட்கிழமை காலை ஒன்பது இருபது. அதற்கு முன் எல்லா வரியிலும் எண் இருந்தது. அதற்குப் பின் ஒன்றில்கூட இல்லை. முழுதாக ஒரு நாளும் கொஞ்சமும் பத்துக் கதவும் பூட்டாமலே கிடந்திருக்கின்றன. பெட்டி மட்டும் பூட்டப்பட்டது, பூட்டப்பட்டது என்று பொய் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நம்பிச் சிவப்பு விளக்கும் எரிந்திருக்கிறது.

"பொறுப்பாளிகிட்டதானே கேக்கணும்? நடுவுல யார் புகுந்தது?"

"மூட்டைக்கு இன்னொரு உறவு இருக்கு. அது எழுதப்பட்ட இடம். பிறந்த வீடு. யாரும் வேற மாதிரி சொல்லலேன்னா, அந்த மொழியில வழக்கம் என்ன தெரியுமா? முதல்ல பிறந்த வீட்டைக் கேக்கும். அங்க இல்லேன்னாதான் பொறுப்பாளிகிட்ட வரும்."

செவெரின் யோசித்தான். "என் மச்சினன் தாதேயுஷ் மாதிரி. கல்யாணம் ஆகி இருபது வருஷம். உப்பு டப்பா எங்கன்னு இன்னும் அவங்கம்மாவுக்குத்தான் போன் போடறான். அம்மா எடுக்கலேன்னாதான் பொண்டாட்டிகிட்ட கேப்பான்."

யத்விகா அவனை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு நாளில் முதன்முறையாக அவள் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. "அதேதான். இத்தனை மாசமா அம்மா எடுக்கல. பிறந்த வீட்டுல பூட்டுன்னு யாரும் இல்ல. அதனால ஒவ்வொரு தடவையும் கேள்வி அறைக்குப் போச்சு. திங்கட்கிழமை ஒன்பது இருபதுக்கு..."

"அம்மா போனை எடுத்துட்டாங்க."

"உப்பு எங்க இருக்குன்னு தெரியாமலே, இருக்கு இருக்குன்னு சொல்லிட்டாங்க."

செவெரின் ரொட்டியைத் தாளில் சுருட்டி வைத்தான். பசி போய்விட்டது.

ஆனால் ஃபைல்கள் சுத்தமாக இருந்தனவே என்று கேட்டான். அங்கேதான் தானும் இரண்டு நாளை வீணாக்கியதாகச் சொன்னாள் யத்விகா. இந்த மொழியில் ஃபைலைத் தொடாமலே, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் ஒரு புது மூட்டையைச் செருகிவிட முடியும். அது பெட்டியின் நினைவில் மட்டும் வாழும். அணைத்துத் திரும்பப் போட்டால் தடயமே இல்லாமல் போய்விடும்.

இருவரும் ஒரே நேரத்தில் மணியைப் பார்த்தார்கள். பத்து ஐம்பத்தைந்து.

கட்டுப்பாட்டு அறை கிடங்கின் மூலையில், பெட்டிகள் அடுக்கும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. காவலுக்கு இருந்த போலீஸ்காரர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சீலை உடைக்காமல் திரையில் கேள்வி மட்டும் கேட்கத் தனக்கு இருந்த உத்தரவை யத்விகா காட்டினாள். ரூத்காவைச் சாட்சிக்கு நிற்க வைத்தாள். செவெரினை வாசலில் நிறுத்தி, பன்னிரண்டுக்கு முன்னால் யார் வந்தாலும் பேச்சுக் கொடுத்துக்கொண்டிரு என்றாள்.

"அது எனக்கு வியாதி, மேடம். உத்தரவே வேண்டாம்."

அவன் வாசலில் நின்றபடியே உள்ளே காதை வைத்திருந்தான். விசைகள் தட்டும் சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை.

பதினொன்றரைக்கு ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. செசாரி இறங்கினார். தோளில் மடிக்கணினிப் பை, கையில் பேக்கரி அட்டைப்பெட்டி. போலீஸ்காரருக்காக வாங்கினாராம். செவெரினைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நொடி தடுமாறியது. நீங்கள் ஊரில் ஃபைல்களைத்தானே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார்.

"அதையே பார்த்தா கண்ணு போயிடும்னு டாக்டர் சொன்னார் சார். பெட்டில என்ன, பொன்ச்கியா?"

"ஆமா."

"ரோஜா ஜாமா?"

சும்மா வாயில் வந்த கேள்விதான் அது.  அட்டைப்பெட்டியைப் பிடித்திருந்த செசாரியின் விரல்கள் அழுந்தி, மூடி உள்வாங்கியது. ரூத்கா சொன்ன பொன்ச்கியிலும் ரோஜா ஜாம்தான் என்பது செவெரினுக்கு அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமை வந்தது யார் என்று ரூத்காவிடம் பெயர் கேட்க இருவருக்குமே தோன்றவில்லை. கூலி கொடுத்து வரவழைத்தவரை யார்தான் சந்தேகப்படுவார்கள்.

"உள்ள வாங்க செசாரி சார்" என்று யத்விகாவின் குரல் கேட்டது. "உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்."

திரையில் சில வரிகள் நின்றன. அவள் பெட்டியிடம் கேட்டது ஒரே கேள்வி. பூட்டு என்றால் இப்போது பதில் சொல்வது யார்? அறை என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூட்டை என்று வந்திருந்தது. ஒவ்வொரு மூட்டையும் தான் பிறந்த இடத்தின் பெயரைச் சாகும்வரை சுமக்கும். இந்த மூட்டையின் பிறந்த வீடு 'பயிற்சி' என்று இருந்தது.

"நான் சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. "திங்கட்கிழமை பதினாலு பேரை ஒன்பதாம் அறைக்குள்ள நிக்க வெச்சு வகுப்பு எடுத்தீங்க. நடுவுல பெட்டி கதவைப் பூட்டிடுமோன்னு பயம். அதனால பூட்டாம, பூட்டினேன்னு மட்டும் எழுதற ஒரு பொய்ப் பூட்டைச் செருகினீங்க. ஒன்பதாம் அறைக்குள்ள வெச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நீங்க அதைப் பிறந்த வீட்டு வாசல்ல வெச்சுட்டீங்க. எல்லா அறைக்கும் அதான் வாசல்."

செசாரி பையைத் தரையில் வைத்தார். பயிற்சி முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்ததாகவும், திரும்பும் வழியில் ஒரு போன் வந்ததாகவும், அப்படியே மறந்துபோனதாகவும் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையாக, யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுபோல் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஞாபகம் வந்துச்சு" என்றார். "அதுக்குள்ள சீல் வெச்சுட்டாங்க."

"அப்புறம் பதினோரு நாளா அணைச்சுப் போடறதுக்கு அனுமதி கேட்டுட்டே இருந்திருக்கீங்க."

"கிங்கா தப்பிக்கணும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். அது சத்தியம். யார் தப்பும் இல்லேன்னு முடிஞ்சிருக்கும்."

"ஃபைலைப் பார்க்கத்தான் கூப்பிட்டீங்க" என்றாள் யத்விகா. "ஃபைல் சுத்தம்னு உங்களுக்குத் தெரியும். நான் தோத்தா அந்தப் பொண்ணு ஜெயிலுக்குப் போவா. அதுக்கும் தயாரா இருந்தீங்க."



அவள் இன்னொரு விசையைத் தட்டினாள். மூட்டை பிறந்த வீட்டை மட்டும் அல்ல, அப்போது அந்த வீட்டில் கைக்கு எட்டின எல்லாவற்றையும் சேர்த்தே கட்டிக்கொண்டு வரும். செசாரியின் பயிற்சியில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்க ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலும் பொய்ப் பூட்டோடு சேர்ந்து பெட்டிக்குள் வந்திருந்தது. பதினாலு பெயர்கள். ரூத்கா உதட்டை அசைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர், பதினோராவது பெயரில் நின்றுவிட்டார்.

ஓலேஸ்யா.

"கைப்பிடி திறந்தா காத்து இருக்குன்னு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கதானே சார்" என்றார் ரூத்கா. "அவ முன்னாடி வரிசையில நின்னா. எழுதிக்கிட்டா."

செசாரி சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தார். செவெரினுக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. வரும் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

திரையைப் படம் எடுத்தார்கள், நகல் எடுத்தார்கள், போலீஸ்காரரும் ரூத்காவும் கையெழுத்துப் போட்டார்கள். யத்விகா அரசு வக்கீலுக்குப் போன் போட்டு இருபது நிமிடம் பேசினாள். பிறகு வேறு ஒரு எண்ணை அழைத்து, போனை மேஜைமேல் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"கையெழுத்து போடாதம்மா" என்றாள். நடந்ததைச் சொன்னாள்.

மறுமுனையில் கிங்கா அழவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை.  "பொறுப்பாளிய மட்டும் கேள்னு நான் ஒரு வரி எழுதியிருக்கலாம்" என்றாள். "வழக்கத்தை மாத்தற வரி. எனக்குத் தெரியும். வேலை செய்யுதே, எதுக்குன்னு விட்டுட்டேன்."

"அது குற்றம் இல்ல."

"குற்றம் இல்லதான்" என்றாள் கிங்கா. "ஒரு வரிதான்."

எட்டு அறையில் சாவு வெறும் சங்கிலிக்குப் பின்னால் நிற்கிறது, பதிவு முடிந்ததால் பூட்டைச் சரிசெய்யலாம் என்று அரசு வக்கீல் சொல்லியிருந்தார். கிங்கா அந்த வரியைச் சொல்லச் சொல்ல, யத்விகா எழுந்து செவெரினுக்கு நாற்காலியை விட்டாள். கிங்கா சொல்வதை அவள் தாளில் எழுதிச் சரிபார்க்க, அவன் இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். இந்த இடத்தில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பது அவன் வழக்கம். ஒன்றும் வரவில்லை.

பன்னிரண்டு பத்துக்குப் பெட்டி 'பூட்டு' என்று சொல்லும் அடுத்த முறை வந்தது. கிடங்கின் அந்தக் கோடியிலிருந்து காந்தங்கள் ஒவ்வொன்றாக அடித்து விழும் சத்தம் வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. திரையில் வரிகள் எண்ணோடு ஏறின. போனில் கிங்காவும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏழு?" என்றாள்.

ரூத்கா வாசல் வழியே ஏழாம் கதவை எட்டிப் பார்த்தார். ஆளும் ஆப்பிளும் இல்லாத அறை. நல்ல காற்றுதான் அதில் இருந்தது. யாராவது இப்போது உள்ளே போனாலும் ஒன்றும் ஆகாது.

"அறை 7 பூட்டப்பட்டது" என்று வாசித்தான் செவெரின்.